அறவியல் பாடத்தில் பௌத்தம்: எங்கெங்கே பிசகுகிறது, குமரி மாவட்ட வகுப்பறையில் எப்படித் திருத்துவது?

பறளியாறு எழுதியது:

அறவியல் புத்தகத்தில் ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு பாடம் உண்டு. நம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவர் சமயத்தைப் பற்றி ஒரு வரி பிசகினால் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "எங்க வீட்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க சார்" என்று சொல்லிவிடும். பௌத்தப் பாடத்துக்கு அந்தக் காவல் கிடையாது. பௌத்தக் குடும்பத்துப் பிள்ளை நம் வகுப்பில் இருப்பது அரிதிலும் அரிது. அதனால்தான் புத்தகத்தில் தொடங்கி கைடு, கேள்வித்தாள் வரைக்கும் ஒரே தவறு வருஷக்கணக்காகக் குடியிருக்கிறது.

நான் வைக்கும் சோதனை இதுதான்: கொழும்பிலோ நாகபுரியிலோ படிக்கும் ஒரு பௌத்த மாணவி இந்தப் பாடத்தை வாசித்தால் "ஆமாம், இது எங்கள் சமயம்" என்பாளா? பல பாடங்கள் இதில் தேறாது.

முதலில் கண்ணில் படுவது காலம். "தோன்றியது, பரவியது, நலிந்தது" என்று எல்லாமே இறந்தகாலத்தில் போகும். மற்றச் சமயப் பாடங்களில் "வழிபடுகின்றனர், நோன்பு இருக்கின்றனர்" என்று எழுதுபவர்கள் இங்கே மட்டும் அருங்காட்சியகப் பொருளைப் பற்றி எழுதுவதாக எழுதுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 84 லட்சம் பௌத்தர்கள் இருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தில். பக்கத்தில் இருக்கும் இலங்கையில் அதுவே பெரும்பான்மைச் சமயம். திருத்தம் கடினமில்லை. வரலாற்று நிகழ்ச்சிகளை இறந்தகாலத்தில் வைத்துக்கொண்டு, கொள்கை, ஒழுக்கம், வழிபாடு பற்றிய வரிகளை எல்லாம் நிகழ்காலத்துக்கு மாற்றிச் சொல்லிக் கொடுத்தால் போதும். பிள்ளைகளின் மனத்தில் படம் உடனே மாறும்.

அடுத்தது, முழுத் தத்துவத்தையும் "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்ற ஒரு வரியில் அடக்குவது. இதை வேளிமலை சார் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

வேளிமலை எழுதியது:

எழுதுகிறேன் சார். புத்தர் சொன்ன நான்கு உண்மைகளில் இரண்டாவதான துன்பத்தின் காரணத்தைத்தான் எல்லோரும் சுருக்கிவிடுகிறார்கள். பாலி நூல்கள் அங்கே மூன்று வேட்கைகளைச் சொல்கின்றன: புலனின்பத்துக்கான வேட்கை, இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதைப் பள்ளிப் பாடம் அநேகமாக விட்டுவிடும். அதை விடவே கூடாது. "எல்லாவற்றையும் விட்டுத் தொலைந்துபோக வேண்டும்" என்று ஒரு பதின்வயதுப் பிள்ளை நினைத்தால் அது பற்றின்மை அல்ல, அதுவும் ஒரு வேட்கைதான் என்று பௌத்தமே சொல்லியிருக்கிறது. அறவியல் வகுப்பில் அதைவிட முக்கியமான வரி வேறு எது?

"டாக்டராக ஆசைப்படலாமா கூடாதா?" என்ற கேள்வி எந்த வகுப்பிலும் வரும். நல்லதைச் செய்ய முனையும் விருப்பத்தை பௌத்தம் தள்ளவில்லை. துன்பம் நீங்க பௌத்தம் காட்டும் எட்டுப் படி வழியான எண்வழியில் ஆறாவதான நன்முயற்சியே அதில்தான் நிற்கிறது. "ஆசைப்படாதே" என்று போர்டில் எழுதி நிறுத்திவிட்டால், நல்ல மதிப்பெண் வாங்க நினைப்பதும் பாவம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அல்லது இது நடக்காத காரியம் என்று பாடத்தையே தள்ளிவிடும். இரண்டுமே நடக்கிறது.

தமிழில் கைவசம் மணிமேகலை இருக்கிறது. அதன் கடைசிக் காதைகளில் பன்னிரு சார்புகள் வரிசையாக வரும்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். வேட்கை எட்டாவது, தொடக்கம் பேதைமை. அதாவது ஆசை ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி. வகுப்பில் பன்னிரண்டையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். 7, 8, 9 மட்டும் எடுங்கள். நுகர்ந்தவுடன் வேட்கை வருகிறது, வேட்கை முற்றிப் பற்றாகிறது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில்தான் பயிற்சி வேலை செய்கிறது. செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்ததும் என்ன நடக்கிறது என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சங்கிலியைச் சரியாக அடுக்கும்.

இன்னொரு நிலைத்த பிழை, "கடவுளைப் பற்றிப் புத்தர் மௌனம் காத்தார்" என்பது. அவர் விடை சொல்லாமல் விட்டதாக பாலி நூல்கள் தருபவை பத்துக் கேள்விகள். உலகம் நிலையானதா, நிலையற்றதா. எல்லை உள்ளதா, இல்லாததா. உயிரும் உடலும் ஒன்றா, வேறா. ததாகதர் (புத்தர்) மறைவுக்குப் பின் இருக்கிறாரா, இல்லையா, இருந்தும் இல்லையா, இரண்டும் அல்லவா. எண்ணிப் பாருங்கள், பத்தும் இவ்வளவுதான். கடவுள் உண்டா என்பது இந்தப் பட்டியலிலேயே கிடையாது. படைத்துக் காக்கும் ஈசுவரன் என்ற கருத்தை நூல்கள் வேறு இடங்களில் நேராகவே மறுக்கின்றன. அதே சமயம் தேவர்கள், பிரம்மா எல்லாம் அவற்றில் வருகிறார்கள். "உலகைப் படைத்த கடவுளைப் பௌத்தம் ஏற்பதில்லை; தேவர்களும் பிறப்பு இறப்புக்கு உட்பட்டவர்களே என்கிறது" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

ஆன்மா இல்லை என்றால் மறுபிறப்பு எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாலியில் மிலிந்தன் என்ற யவன அரசனும் நாகசேனரும் பேசும் இடத்தில் இருக்கும் பதிலையே சொல்லுங்கள். இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. தொடர்ச்சி உண்டு, மாறாத பொருள் ஒன்று இல்லை. இதை விட்டுவிட்டு "ஆன்மா கூடுவிட்டுக் கூடு பாய்கிறது" என்று விளக்கினால் அந்தக் கணத்தில் பாடம் பௌத்தத்தை விட்டு வெளியே போய்விடுகிறது.

தோவாளை டீச்சர் எழுதியது:

விடைத்தாளில் அதிகம் மாறி விழுவது பௌத்தமும் சமணமும்தான். இரண்டு பாடமும் அடுத்தடுத்து வருவதும், பட்டியல்கள் பார்க்க ஒன்றுபோல இருப்பதும்தான் காரணம். இப்படிச் செய்யலாம்.

போர்டில் இரண்டு பத்தி போடுங்கள். சமணம்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருட்பற்றின்மை. பௌத்தம்: கொல்லாமை, கள்ளாமை, பிறழ்காமம் தவிர்த்தல், பொய்யாமை, மயக்கும் பொருள் கொள்ளாமை. நான்கு பொது, வரிசை மட்டும் வேறு. வாய்மை சமணத்தில் இரண்டாவது, பௌத்தத்தில் நான்காவது. ஐந்தாவதுதான் முழுக்க வேறு: அங்கே உடைமையின்மை, இங்கே மதுவும் போதையும் விலக்கல். ஐந்தாவதை மட்டும் வண்ணச் சாக்பீஸில் எழுதுங்கள். ஒரு பிள்ளையும் மாற்றி எழுதாது.

மும்மணியும் இப்படித்தான். சமணத்தில் நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம். பௌத்தத்தில் புத்தர், தம்மம், சங்கம். "நற்காட்சி" பௌத்த எண்வழியிலும் முதல் படியாக வருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. சமண மும்மணி நடக்க வேண்டிய வழி, பௌத்த மும்மணி அடைக்கலம் புகும் இடம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

எண்வழியை எட்டுப் பெயராக மனப்பாடம் செய்ய வைத்தால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும். மூன்று கூடையில் பிரித்துக் கொடுங்கள். அறிவு: நற்காட்சி, நல்லெண்ணம். ஒழுக்கம்: நற்சொல், நற்செயல், நல்வாழ்க்கை. மன ஒருமை: நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. ஏழாவதில் கவனம் வேண்டும். "கடைப்பிடி" என்று பார்த்ததும் பிள்ளைகள் விதிகளைக் கடைப்பிடிப்பது என்று எழுதுகிறார்கள். அங்கே சொல்வது விழிப்பான கவனம்.

நல்வாழ்க்கைக்குப் பாடநூல் விளக்கம் பெரும்பாலும் "நேர்மையாக வாழ்தல்" என்ற அளவில் நின்றுவிடும். அது பிழைப்பைப் பற்றியது. இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய ஐந்து வணிகங்களைப் பாலி நூல் பெயர் சொல்லியே தருகிறது: ஆயுதம், உயிருள்ளவை, இறைச்சி, மது, நஞ்சு. இந்த ஐந்தையும் எழுதிப் போட்டு, இன்றைக்கு இதில் எது எது எந்த உருவத்தில் இருக்கிறது என்று கேட்டால் அரைமணி நேரம் போவதே தெரியாது. ஒரு எச்சரிக்கை. கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் மீன்பிடி குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் பிழைப்பைக் குறை சொல்வதாக இது விழக்கூடாது. "இது ஒரு சமயம் தன்னைப் பின்பற்றுவோருக்குச் சொல்வது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முக்குவர் ஊர்களில் இந்த ஒரு வாக்கியத்தை விட்டால் வகுப்பு கெட்டுவிடும்.

ஆரல்வாய்மொழி எழுதியது:

எல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைக்கு மார்க் வேண்டும். விடைக்குறிப்பில் கி.மு. 563 என்று இருக்கும்போது, "ஆய்வாளர்கள் வேறு சொல்கிறார்கள்" என்று எழுதினால் ஒரு மதிப்பெண் போய்விடும். திருத்துபவர் வேறு மாவட்டத்துக்காரர். அவருக்கு நம் வகுப்பில் நடந்தது தெரியாது. இதற்கு என்ன வழி?

வேளிமலை எழுதியது:

நியாயமான கேள்வி. தேர்வில் 563 என்றே எழுதட்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒரு பத்து நிமிஷம் காட்டுங்கள், அவ்வளவுதான்.

கணக்கு இது. இலங்கை மகாவம்ச மரபு, புத்தர் மறைந்து 218 ஆண்டுகளுக்குப் பின் அசோகர் முடிசூடினார் என்கிறது. முடிசூட்டைக் கிரேக்க அரசர்களின் காலத்தோடு ஒத்துப்பார்த்துச் சுமார் கி.மு. 265 என்று கொண்டால், 265 + 218 = 483. அது மறைவு. வயது 80, எனவே பிறப்பு 563. வடநாட்டு மரபோ அசோகருக்கும் புத்தருக்கும் இடையே சுமார் 100 ஆண்டுதான் என்கிறது; அப்படிப் பார்த்தால் மறைவு கி.மு. 365க்கு வந்துவிடும். இன்றைய ஆய்வாளர் பலர் மறைவை கி.மு. 400ஐ ஒட்டி வைக்கிறார்கள். இலங்கையில் கொண்டாடுவது கி.மு. 544ஐ வைத்து, 1956இல் 2500ஆம் ஆண்டு விழா வந்தது அந்தக் கணக்கில்தான். கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளைக்கு இது புரியும். வயதுகள் எல்லா மரபிலும் ஏறக்குறைய ஒன்றே: 29இல் துறவு, 35இல் ஞானம், 80இல் மறைவு, நடுவில் 45 ஆண்டு போதனை. மனப்பாடம் செய்வதானால் இந்த எண்களைச் செய்யச் சொல்லுங்கள்.

நான்கு காட்சிகள் (முதியவர், நோயாளி, பிணம், துறவி) கதையையும் அப்படியே நடந்த நிகழ்ச்சியாகச் சொல்லக்கூடாது. பழைய பாலி நிகாயங்களில் (புத்தர் உரைத் தொகுப்புகளில்) அந்தக் கதை விபஸ்ஸி என்ற முற்காலப் புத்தருக்குச் சொல்லப்படுகிறது. கௌதமரின் வாழ்க்கையாக அது பிற்கால வரலாற்று நூல்களில் வளர்ந்தது. பழைய நூலில் அவர் தம் வாயால் சொல்வது வேறு: தாயும் தந்தையும் கண்ணீர் வடிக்க, அவர்கள் விருப்பத்துக்கு மாறாகத் தலைமழித்து வெளியேறினேன் என்கிறார். நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் குதிரையேறியது மட்டுமே பாடத்தில் இருக்கிறது. அம்பேத்கர் எழுதிய வரலாற்றில் சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையிலான ரோகிணி ஆற்று நீர்த் தகராறுதான் துறவுக்குக் காரணம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

சுத்தோதனர் பேரரசர் அல்லர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கியர் நாடு குலத்தலைவர்கள் கூடி ஆண்ட கணநாடு. சங்கத்தில் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் முறைக்கும் அந்தப் பின்னணிக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் குடிமையியல் பாடத்தோடும் ஒட்டும்.

முஞ்சிறை எழுதியது:

உள்ளூர் சங்கதிக்கு வருகிறேன். பௌத்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைகளைச் சிதறால் மலைக்குக் கூட்டிப் போகிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. போகட்டும், நல்லதுதான். ஆனால் அது சமண இடம். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழைய பெயர். மேலே பாறையில் உள்ள புடைப்புச் சிற்பங்கள் தீர்த்தங்கரர்களும் (சமண அருளாளர்கள்) இயக்கியரும் (அவர்களின் காவல் பெண் தெய்வங்கள்). பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி அங்குள்ள பட்டாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. "புத்தர் சிலை பாருங்க" என்று காட்டினால் மலைக்குப் போய்த் தவறு கற்று வந்ததாக ஆகும்.

நேரில் பிரித்தறியும் முறை சொல்கிறேன். பாறைக்கு முன் நிற்கவைத்து இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, ஆடை. புத்தர் உருவில் சீவரம் என்ற துறவாடையின் மடிப்புக் கோடு மார்பிலோ கணுக்காலிலோ தெரியும், பெரும்பாலும் வலது தோள் திறந்திருக்கும். நம் பக்கத்துத் தீர்த்தங்கரர் உருவில் ஆடையே இராது. இரண்டு, தலைக்கு மேல். மூன்றடுக்குக் குடை இருந்தால் சமணம். மூன்று, உச்சி. புத்தருக்கு உச்சியில் முடிச்சு மேடு. நாகப்பட்டினத்துச் செப்புத்திருமேனிகளில் அதன்மேல் தீச்சுடர் இருக்கும். நான்கு, கை. நிலத்தைத் தொடும் கை, அபயம் காட்டும் கை இரண்டும் புத்தருக்கே. தீர்த்தங்கரர் அமர்ந்தால் மடியில் கைமேல் கை, நின்றால் இரு கையும் நேரே தொங்கும். ஆனால் புத்தரும் மடியில் கைவைத்து அமர்வது உண்டு. ஆகவே கையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

ஐந்தாவது, பாம்புப் படம். இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். முசலிந்த நாகம் குடைபிடித்த புத்தர் உண்டு, படமெடுத்த நாகத்தின் கீழ் பார்சுவநாதரும் உண்டு. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூணில் இருப்பவை சமண உருவங்கள். அங்குள்ள 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர் இருவர் பெயரும் வருகிறது. நாகத்தைப் பார்த்ததும் புத்தர் என்று சொல்லிவிடாமல் ஆடையைப் பாருங்கள்.

அப்படியானால் பௌத்தத்துக்கு நம் மண்ணோடு தொடர்பே இல்லையா? இருக்கிறது, கல்லில் அல்ல, செப்பேட்டில். சிதறால் கல்வெட்டில் பெயர் வரும் அதே விக்கிரமாதித்த வரகுணன், கேரளக் கடற்கரையில் இருந்த திருமூலவாசம் என்ற பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. இன்றைய குமரி மாவட்டம் அன்று ஆய் நாட்டுக்குள். ஒரே அரசன் காலத்தில் ஒரு பக்கம் சமண மலை, ஒரு பக்கம் பௌத்தப் பள்ளிக்குக் கொடை. சமயங்களுக்குள் சண்டை மட்டுமே நடந்தது என்று படித்து வளரும் பிள்ளைக்கு இதைக் காட்டாமல் விடலாமா? அறவியல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கோதையாறு எழுதியது:

முஞ்சிறை அண்ணே, சாஸ்தா கோயில் எல்லாம் ஒரு காலத்தில் புத்தர் கோயில், சரணம் விளிப்பது அங்கிருந்து வந்தது, அரசமரத்தடிப் பிள்ளையாரும் புத்தர்தான் என்று பலர் பேசுகிறார்கள். நம் ஊரில் தெருவுக்குத் தெரு சாஸ்தா கோயில் இருக்கிறதே. இதைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லலாமா?

முஞ்சிறை எழுதியது:

கருத்தாக இருக்கிறது, முடிவாக இல்லை. சாஸ்தா என்பது புத்தருக்கும் உரிய பெயர் என்று அமரகோசம் சொல்கிறது, அது உண்மை. பெயர் ஒன்றாயிருப்பதால் கோயிலும் ஒன்றாகிவிடாது தம்பி. ஓர் இடம் பௌத்த இடமாயிருந்தது என்று சொல்ல இந்த மூன்றில் ஒன்றாவது வேண்டும்: கல்வெட்டு அல்லது செப்பேடு, அந்த இடத்திலேயே கிடைத்த உருவம், அல்லது அகழ்ந்து கண்ட விகாரை, தூபி அடித்தளம். அம்பலப்புழை பக்கம் கருமாடிக்குட்டன் என்று வணங்கப்படும் கருங்கல் புத்தர் இருக்கிறார், அங்கே உருவம் இருப்பதால் பேசலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் விகாரையின் அடித்தளமே அகழ்வில் கிடைத்தது, அங்கேயும் பேசலாம். நம் தெருமுனைச் சாஸ்தா கோயிலில் இந்த மூன்றும் இல்லாதபோது வாத்தியார் வாயால் சொல்லிவிட்டால், பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும், மறுநாள் வீட்டுக்காரர் வந்து கேட்பார், பதில் சொல்ல ஆதாரம் இருக்காது. அதனால் பௌத்தத்துக்கும் நன்மையில்லை.

பொதிகை பற்றிச் சொல்லலாம். ஆனால் யார் சொன்னது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் தென்னாடு வந்த யுவான் சுவாங் தெற்கே மலய மலையை ஒட்டிப் போதலகம் என்ற, அவலோகிதர் என்னும் போதிசத்துவரின் மலை இருப்பதாக எழுதினார். அது பொதிகையே என்பது சில ஆய்வாளர் கருத்து. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதிய வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கணம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்கிறது. தமிழ் இலக்கணம் எழுதிய பௌத்தர் ஒருவர் இருந்தார் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

பறளியாறு எழுதியது:

அவதாரம் பற்றியும் பேசியாக வேண்டும். "புத்தர் திருமாலின் அவதாரம்", "இந்து சமயத்தைச் சீர்திருத்தியவர்" என்ற வரிகள் கைடுகளில் எளிதாக வந்துவிடுகின்றன. முதலாவது சில புராணங்களின் கூற்று. அதைச் சொல்வதில் தவறில்லை, "புராணங்கள் கூறுகின்றன" என்ற தொடர் இல்லாமல் சொல்வதுதான் தவறு. பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கரும் லட்சக்கணக்கானோரும் ஏற்ற 22 உறுதிமொழிகளில் ஒன்று நேராகவே இதை மறுக்கிறது. நம் தமிழ்நாட்டில் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பௌத்தப் பாடம் கனிஷ்கரோடு நின்றுவிடாமல் இந்த இரண்டு பெயர்களையும் தொட வேண்டும். இவர்களை விட்டுவிட்டால் சாதி மறுப்பு என்ற பகுதிக்கு உயிரே இருக்காது.

சரிவுக்கான காரணத்திலும் ஒற்றைக் காரணம் ஆகாது. "அசோகரின் அகிம்சையால் பேரரசு வலுவிழந்தது" என்று எழுதுகிறார்கள். அவர் படையைக் கலைத்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. 13ஆம் பாறைக் கல்வெட்டில், கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதற்கும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்க்கப்பட்டதற்கும் வருந்துகிற அதே மூச்சில், காட்டுவாசிகளுக்கு "எனக்குத் தண்டிக்கும் வலுவும் உண்டு" என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த 13ஆம் கல்வெட்டு கலிங்கத்திலேயே வெட்டப்படவில்லை என்பதும் மேல்வகுப்பில் பேசத் தகுந்த செய்தி. தௌலியிலும் ஜௌகடாவிலும் அதற்குப் பதில் வேறு கட்டளைகள் இருக்கின்றன.

"சங்கரர் வாதில் வென்றதோடு பௌத்தம் ஒழிந்தது" என்பதும் காலக்கணக்கில் நிற்காது. அவருக்குப் பின் நூற்றாண்டுகள் கழித்து, ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். ஸ்ரீவிஜய அரசன் கட்டிய விகாரை அது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் சுமார் 350 பௌத்தச் செப்புத்திருமேனிகள் கிடைத்துள்ளன. கழுவேற்றக் கதையைப் பிள்ளைகள் பௌத்தத்தோடு சேர்த்து எழுதுகிறார்கள். அது சமணர் பற்றிய மதுரைக் கதை, இங்கே இடமில்லை.

ஹீனயானம் என்ற பெயரையும் விட்டுவிடலாம். அது எதிர்தரப்பு வைத்த இழிபெயர். தேரவாதம் என்று எழுதுங்கள். "ஹீனயானத்தில் சிலை வழிபாடு இல்லை" என்ற வரி, அனுராதபுரத்துப் புத்தர் சிலையின் படம் ஒன்றைக் காட்டினாலே விழுந்துவிடும்.

தோவாளை டீச்சர் எழுதியது:

பெண்களைப் பற்றி யாரும் தொடவில்லையே. மகாபிரஜாபதி கௌதமி கேட்டு வாங்கிய துறவு, அதற்கு வைத்த எட்டு நிபந்தனைகள், தேரிகாதையில் உள்ள 73 பெண் துறவியர் பாடல்கள். இவற்றில் ஒன்றாவது பாடத்தில் இருக்க வேண்டும். எட்டு நிபந்தனைகள் பெண்ணை ஆணுக்குக் கீழே வைத்தவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சமயத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதுவதும் மரியாதை அல்ல.

சாதி மறுப்புக்கு "சாதி வேறுபாட்டை எதிர்த்தார்" என்று ஒரே வரி போட்டு முடிக்கிறார்கள். புத்தர் மறைவுக்குப் பின் துறவிகள் கூடிய முதல் சங்கீதியில் நாவிதர் உபாலி விநயத்தை (துறவியர் ஒழுங்கு விதிகளை) சொன்னார், ஆனந்தர் சுத்தங்களை (புத்தரின் உரைகளை) சொன்னார் என்று சேர்த்தாலே வரிக்கு எடை வரும். நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருங்கிய கதை மணிமேகலையில் இருக்கிறது. வாரணாசிப் பார்ப்பனி சாலி, கணவனுக்குச் செய்த பிழைக்குத் தண்டம் அஞ்சித் தென்திசைக் குமரியில் நீராடப் புறப்பட்டு வருகிறாள். வழியில் பெற்ற குழந்தையை விட்டுப் போகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. அந்த ஆபுத்திரன் வளர்ந்து வேள்விப் பசுவை அவிழ்த்துவிட, ஊரார் அவன் பிறப்பை இழிக்கிறார்கள். அவன் திருப்பிக் கேட்கிறான்: ஆன் மகன் அசலன், மான் மகன் சிருங்கி, புலி மகன் விரிஞ்சி, நரி மகன் கேசகம்பளன், இவர்கள் உங்கள் முனிவர்கள் அல்லவா? குமரி முனையில் நீராட வந்தவளின் மகன் கேட்ட கேள்வி இது. எந்தப் பிள்ளையும் மறக்காது.

பாட நேரத்தை மூன்று பீரியடாகப் பிரிக்கலாம். முதலாவதில் வாழ்க்கை, காலக்கணக்கு. இரண்டாவதில் நான்கு உண்மை, மூன்று கூடை எண்வழி, சமண ஒப்பீடு. மூன்றாவதில் தமிழகப் பௌத்தம், ஆபுத்திரன், இன்றைய பௌத்தர். மூன்றாவதைத்தான் எல்லோரும் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முதல் பீரியடில் பிறப்புக் கதை, கனவு, சோதிடம் எல்லாம் நீண்டுவிடுவதால் அப்படி ஆகிறது. அதைப் பதினைந்து நிமிஷத்துக்குள் முடியுங்கள்.

ஆரல்வாய்மொழி எழுதியது:

வகுப்பில் திருத்துவது சரி, புத்தகத்திலேயே திருத்தம் வர வேண்டுமே. மனு போடுவதென்றால் எப்படி? முன்பெல்லாம் "பாடம் தவறாக உள்ளது" என்று எழுதுகிற மனுக்களுக்கு ஒரு அசைவும் இருக்காது.

பறளியாறு எழுதியது:

அப்படி எழுதினால் அசைவு இராதுதான், எந்த வரி என்று யாருக்கும் தெரியாதே. அரசுப் பாடநூல் என்றால் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள். பாடத்தை ஆக்குவது அவர்கள், அச்சிடுவது பாடநூல் கழகம். தனியார் வெளியீட்டு அறநெறிப் புத்தகம் என்றால் பதிப்பகத்துக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும்.

மனுவில் ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து செய்தி வேண்டும்: வகுப்பும் பாட எண்ணும், பதிப்பு ஆண்டு, திருத்திய பதிப்பு என்றால் அதுவும், பக்க எண்ணும் வரியும், இப்போதுள்ள வாக்கியம் அப்படியே, அதற்குப் பதில் நீங்கள் முன்வைக்கும் வாக்கியம், மூலநூல் இடத்தோடு. பதில் வாக்கியம் பழைய வாக்கியத்தின் நீளத்துக்குள் இருக்கட்டும். பத்து வரி சேர்க்கச் சொன்னால் பக்க அமைப்பு குலையும், அதனாலேயே தள்ளிவிடுவார்கள். ஒரு மனுவில் மூன்று நான்கு பிழைக்கு மேல் வேண்டாம். எண், பெயர் போன்ற மறுக்க முடியாத பிழைகளை முதலில் வையுங்கள்; "புராணங்கள் கூறுகின்றன" சேர்ப்பது போன்ற சொல்லமைப்புத் திருத்தம் அடுத்து; "சரிவுக்குக் காரணம்" போன்ற விவாதப் பகுதி கடைசியில்.

புத்தகம் மறு அச்சுக்குப் போவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். பள்ளி திறந்து ஜூனில் அனுப்பினால் அந்த ஆண்டுப் பிரதி ஏற்கெனவே பிள்ளைகள் கையில் இருக்கும். கல்வியாண்டின் நடுவிலேயே அனுப்பிவிடுங்கள்.

கோதையாறு எழுதியது:

ஆங்கில வழிப் புத்தகத்துக்குத் தனி மனு போடணுமா சார்?

பறளியாறு எழுதியது:

தனியாக வேண்டாம் தம்பி. ஒரே மனுவில் இரண்டு பதிப்பின் பக்க எண்ணையும் போடுங்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒன்றில் சரியாக இருக்கும் வரி மற்றொன்றில் மொழிபெயர்ப்பில் கெட்டிருக்கும். அப்போது சரியான பதிப்பின் வரியையே ஆதாரமாகக் காட்டலாம். வேறு மூலநூல் தேடவே வேண்டியிராது.